ராத்திரி ஹெலிகாப்டருக்கு முதலில் எதை வாங்குவது?

மீனம்பாக்கத்தில் எழும்பி 120 நாட் (மணிக்கு சுமார் 220 கி.மீ.) வேகத்தில் கிழக்கே போனால் மூன்று நிமிடத்தில் திருவான்மியூர் கடற்கரை வந்துவிடும். அந்த மூன்று நிமிடமும் கீழே வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. வேளச்சேரி, ஓ.எம்.ஆர், கண்ணாடிக் கட்டடங்கள், எல்இடி தெருவிளக்கு எல்லாம் உண்டு. நாலாவது நிமிடத்தில் எதுவுமே இருக்காது. அமாவாசையும் மேகமும் சேர்ந்துகொண்டால் கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அங்கங்கே மின்னும் மீன்பிடிப் படகு விளக்குகளை நட்சத்திரம் என்று மூளை எடுத்துக்கொள்ளும். நட்சத்திரம் இடுப்புக்குக் கீழே தெரிந்தால் ஹெலிகாப்டர் சாய்ந்திருக்கிறது என்று நினைத்து, நேராகப் போய்க்கொண்டிருப்பதைப் பைலட் சாய்த்துவிடுவார்.

நான் ஏவியானிக்ஸ் ஆள், அதாவது விமான மின்னணுக் கருவிகள் என் வேலை. பகலில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய ஹெலிகாப்டரை இரவுக்குத் தயார் செய்ய வேண்டும், கையில் இருப்பது இவ்வளவுதான், முதலில் எதைப் போடுவது என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் ஒரு கம்பெனி விளம்பரப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். அதில் இருக்கும் படங்கள் எல்லாம் பாலைவனமும் பனிமலையும். சென்னையின் பிரச்சினை வேறு. இங்கே ஒரு பக்கம் வெளிச்சம் கூடுதல், இன்னொரு பக்கம் வெளிச்சமே இல்லை. ஆளைக் கொல்வது இரண்டாவது பக்கம். வாங்கும் சாமானை அந்தப் பக்கத்தை மனதில் வைத்து வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

சட்டத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை (ஏடிசி) விலக்கு கொடுத்த உள்ளூர்ப் பறப்புக்கும் ஃபிளையிங் கிளப் பயிற்சிக்கும் தவிர, சூரியன் மறைந்த பிறகு இந்தியாவில் விஎஃப்ஆர், அதாவது வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் முறை, கிடையாது. ஆகவே வெளியே பார்த்து ஓட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கே இங்கு செல்லாது. இன்ஸ்ட்ருமென்ட்டைப் பார்த்து ஓட்டத் தெரிந்த ஆளும், அதற்கேற்ற இயந்திரமும் வேண்டும்.

சரி, காக்பிட் விளக்கில் பேச்சைத் தொடங்குவோம். பழைய ஹெலிகாப்டர்களில் பேனலுக்குச் சிவப்பு விளக்குதான் இருக்கும். அதற்குப் பின்னால் நல்ல காரணம் இருந்தது. இருட்டில் நமக்குப் பார்வை தருவது விழித்திரையில் உள்ள குச்சி செல்கள். அவை முழுமையாக இருட்டுக்குப் பழக ஏறக்குறைய 30 நிமிடம் ஆகும். ஒரு நொடி பிரகாசமான வெள்ளை வெளிச்சம் பட்டாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். ஆனால் சுமார் 640 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஆழ்ந்த சிவப்பு இந்தச் செல்களுக்குப் பெரிதாக உறைப்பதில்லை. சிவப்பு வெளிச்சத்தில் கூம்பு செல்களை வைத்து மீட்டரைப் படித்துக்கொள்ளலாம், குச்சி செல்களின் இருட்டுப் பழக்கமும் கெடாது. கணக்கு சரிதான்.

ஆனால் சென்னையில் அந்த முப்பது நிமிடம் யாருக்குக் கிடைக்கிறது? தரையில் ஊர்ந்து போகும்போதே, விமானம் நிறுத்தும் ஏப்ரனின் விளக்கு கண்ணில் அடிக்கிறது. எழும்பியதும் ஊர் முழுக்க எல்இடி. போதாததற்கு, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் மீது யாரோ லேசர் அடித்த செய்திகளும் வந்திருக்கின்றன. இருட்டுக்குப் பழகாத கண்ணின் பழக்கத்தைக் காப்பாற்றத்தான் சிவப்பு விளக்கு என்றால் அது வீண் வேலை. கடலுக்கு மேலே அரை மணி நேரம் சுற்றும் ரோந்து ஹெலிகாப்டருக்குக் கண் பழகும், உண்மை. ஆனால் அங்கே மேகமூட்ட இரவில் வெளியே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இரண்டு இடத்திலும் உயிர் தொங்குவது பேனலை எவ்வளவு சுலபமாகப் படிக்க முடிகிறது என்பதில்தான்.

படிப்பதில்தான் சிவப்பு தோற்கிறது. சிவப்பு வெளிச்சத்தில் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வான்பகுதி எல்லைகளைக் குறிக்கும் மெஜந்தா கோடுகள் வெள்ளைத் தாளோடு கலந்து காணாமல் போய்விடும். கல்பாக்கத்தைச் சுற்றிப் பறக்கத் தடை செய்யப்பட்ட பகுதி இருக்கிறது. அதன் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாத விளக்கை வைத்துக்கொண்டு தெற்கே மாமல்லபுரம் பக்கம் போவது அறிவான காரியமில்லை. இன்னொன்றும் உண்டு. சிவப்பு ஒளி கண்ணுக்குள் விழித்திரைக்குச் சற்றுப் பின்னால்தான் குவியும். இளவயதில் கண் அதைச் சரிசெய்துகொள்ளும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்குச் சிவப்பு வெளிச்சத்தில் சின்ன எண்கள் மங்கலாகத்தான் தெரியும். நம் ஊர் கேப்டன்களில் பாதிப் பேர் அந்த வயதுதான்.

எனவே நன்றாகக் குறைக்கக்கூடிய வெள்ளை விளக்குக்குத்தான் என் ஓட்டு. நன்றாகக் குறைக்கக்கூடிய என்பதை அடிக்கோடிட வேண்டும், ஏனென்றால் அதில்தான் வேலை கெடுகிறது. பழைய பேனலில் பல்புகள் 5 வோல்ட், 28 வோல்ட் என்று கலந்து கிடக்கும். எரிந்துபோன பல்புகளுக்குப் பதிலாகச் சிலவற்றை மட்டும் எல்இடியாக மாற்றுவார்கள். டிம்மரைத் திருகினால் இழை பல்பு ஒரு வேகத்தில் மங்கும், எல்இடி வேறு வேகத்தில் மங்கும். கால்வாசித் திருகலில் உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் தெரியாது, அதன் பக்கத்திலேயே எஞ்சின் முறுக்குவிசை காட்டும் டார்க் மீட்டர் கண்ணைக் குத்தும். "என்ன சார், பாதி பேனல் தூங்குது, பாதி பேனல் முறைக்குது" என்று ஒரு கேப்டன் சொன்னார். அதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது. மாற்றினால் மொத்தமாக மாற்றுங்கள். காசில்லை என்றால் பழைய பல்புகளையே ஒழுங்காக வைத்துக்கொண்டு, மைக் தண்டில் மாட்டும் சின்ன லிப் லைட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உதட்டால் அழுத்தினால் எரியும், தலை திரும்பும் பக்கம் வெளிச்சமும் திரும்பும். இரவில் இவ்வளவு உதவும் சாமான் இவ்வளவு மலிவாக வேறு கிடையாது.

மூன்றாவது வகை, இரவுப் பார்வைக் கண்ணாடியோடு ஒத்துப்போகும் பச்சை விளக்கு. ஹெலிகாப்டர்காரர்கள் அந்தக் கண்ணாடியை என்விஜி என்பார்கள். அது சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் மிக நுட்பமாகத் துலங்கும் கருவி. காக்பிட்டில் ஒரு சாதாரண இழை பல்பு எரிந்தாலே போதும், அதன் அகச்சிவப்பு கண்ணாடியை நிரப்பி வெளிக்காட்சியை அழித்துவிடும். அதனால் சிவப்பையும் அகச்சிவப்பையும் வடிகட்டிய நீலப்பச்சை விளக்கு போடுகிறார்கள். அதற்கான அமெரிக்க ராணுவத் தரம் மில்-எஸ்டிடி-3009. அந்தத் தரத்திலேயே என்விஜியோடு ஒத்துப்போகும் வெள்ளை ஒன்றும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் என்விஜி வாங்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், இப்போதே அந்த வெள்ளையைக் கேட்டுப் போட்டுவிடுங்கள். பேனலை இரண்டு முறை கழற்றி மாட்டும் கூலி மிச்சம்.

விளக்கைப் பற்றி இன்னும் ஒரு விஷயம், இது நிறத்தைவிட முக்கியம். 2013 நவம்பர் 29 இரவு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு போலீஸ் ஹெலிகாப்டரின் இரண்டு எஞ்சினும் எரிபொருள் கிடைக்காமல் நின்று, அது ஒரு மதுவிடுதியின் கூரை மேல் விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். எஞ்சின்கள் நின்றதும், தரை எத்தனை அடி கீழே என்று சொல்லும் ரேடார் ஆல்டிமீட்டருக்கும் திருப்பக்கூடிய லேண்டிங் லைட்டுக்கும் மின்சாரம் போய்விட்டது என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. ஒரு சுவிட்சை அவசர நிலைக்குத் தள்ளியிருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வந்திருக்கும். அது தள்ளப்படவில்லை. இருட்டில், இறங்கும் அந்தச் சில நொடிகளில், யாருக்கு அது நினைவு வரும்? ஆகவே எந்த விளக்கு வாங்கினாலும், எந்தக் கருவி வாங்கினாலும், அது எந்த மின்சார பஸ்ஸில், அதாவது எந்த மின்விநியோகப் பாதையில், மாட்டப்படும் என்று கேளுங்கள். ஜெனரேட்டர் போனால் எது எரியும், எது அணையும் என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்தது வழிகாட்டும் கருவிகள். ஏடிஎஃப்பில் தொடங்குகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். என்டிபி என்ற தரை ரேடியோ நிலையத்தை நோக்கி முள் காட்டும் கருவி இது. இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை கலந்து முள் ஆடும். கடற்கரையைத் தாண்டும்போது அலை வளைந்து திசை பிசகும். இடிமேகம் இருந்தால் முள் நிலையத்தை விட்டுவிட்டு மேகத்தைக் காட்டும். இரவு, கடற்கரை, ஐப்பசி இடி என மூன்றும் ஒரே ஊரில் இருக்கும்போது இதற்குச் செலவழிக்க எதுவும் இல்லை. இருந்தால் இருக்கட்டும், பழுதானால் கழற்றிவிடலாம்.

தரை நிலையத்தின் ரேடியோ அலையை வைத்துத் திசை சொல்லும் வி.ஓ.ஆர் நம்பகமானது. ஆனால் அது விமானத்துக்காகப் பிறந்தது, தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்காக அல்ல. அதன் அலை நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவு மறைத்துவிடும். அடிக் கணக்கில் சொன்ன உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23ஆல் பெருக்கினால் அது எத்தனை கடல் மைல் எட்டும் என்று தோராயமாக வரும். 500 அடியில் 27 கடல் மைல். சென்னை நிலையம் மாமல்லபுரம் வரை துணைக்கு வரும், அதற்குமேல் கொஞ்சம்தான். புதுச்சேரிக்கு மேல் அதே அலையைப் பிடிக்க 2,700 அடிக்கு ஏற வேண்டும், அங்கே மேகம் காத்திருக்கலாம். பிசகும் உண்டு. வழக்கமாக 5 டிகிரி வரை விட்டுக்கொடுத்துத்தான் கணக்கிடுவோம். கல்பாக்கம் தூரத்தில் 5 டிகிரி என்றால் பக்கவாட்டில் இரண்டு கடல் மைலுக்கு மேல். தடைப் பகுதிக்கு வெளியே இருக்கிறோமா உள்ளேயா என்று தீர்மானிக்க இந்தத் துல்லியம் போதாது.

அந்த வேலைக்கு ஜி.பி.எஸ்ஸும் நகரும் வரைபடமும் வேண்டும். நம் நாட்டுக்கு ககன் வேறு இருக்கிறது. ஜி.பி.எஸ்ஸின் பிசகைத் திருத்தும் தகவலைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் ஏற்பாடு அது. 2015இல் செங்குத்து வழிகாட்டலுடன் இறங்குவதற்கான சான்றிதழ் கிடைத்தது. 2023இல் ஜுஹுவில் இருந்து புனேக்கு ஒரு ஹெலிகாப்டரை ககன் வழியே ஓட்டிக் காட்டினார்கள். தரையில் எந்த நிலையமும் இல்லாத ஆஸ்பத்திரி மாடிக்கும் தாழ்வான பாதைக்கும் முறையாக வழி வரைய முடியும் என்பதுதான் ஹெலிகாப்டர்காரர்களுக்கு இதில் லாபம்.

ஆனால் தென்னிந்தியாவுக்கென்றே ஒரு வம்பு இருக்கிறது. காந்த நடுக்கோடு நம் தென்கோடிப் பக்கமாகப் போகிறது. சூரியன் மறைந்ததும் அதற்கு மேலே அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பி வடக்கும் தெற்குமாக விரியும். அவற்றின் ஊடே வரும் செயற்கைக்கோள் அலை படபடவென்று ஏறி இறங்கும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், சூரியன் கொதித்திருக்கும் வருடங்களில் இது அதிகம். நேரம் இருட்டியதில் இருந்து நள்ளிரவு வரை. இரவுப் பறப்பு நடக்கும் நேரமும் அதேதான். பொதுவாக இடம் முழுதாகத் தொலைந்துபோகாது. ஒன்றிரண்டு செயற்கைக்கோள்களின் பிடி விடும், துல்லியம் குறைந்ததாக எச்சரிக்கை வரும், ககனின் செங்குத்து வழிகாட்டல் விலகும். அந்த நேரத்தில் கைகொடுக்க வி.ஓ.ஆரும், ஓடுபாதையில் இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ்ஸும் பேனலில் உயிரோடு இருக்க வேண்டும். ஜி.பி.எஸ் வந்துவிட்டதே என்று பழையதைப் பிடுங்கி எடை குறைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

முழங்காலில் கட்டிக்கொள்ளும் டேப்லெட்டைப் பற்றியும் கேட்பார்கள். வரைபடம் பார்க்க அருமை, விலையும் கம்மி. ஆனால் அதன் மிகக் குறைந்த வெளிச்சமே இரவு காக்பிட்டுக்கு அதிகம். கதவுக் கண்ணாடியிலும் கால் பக்கத்துக் கண்ணாடியிலும் அதன் பிம்பம் விழுந்து, வெளியே இன்னொரு விளக்கு இருப்பதுபோல ஆசை காட்டும். மேலே ஒட்டும் மங்கல் தாள் கிடைக்கிறது, அதைப் போட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும்.

இவ்வளவு நேரம் பேசியது எல்லாம் 'எங்கே இருக்கிறோம்' என்ற கேள்விக்கு. கடல் பக்கம் கொல்லும் கேள்வி 'எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம்' என்பது. 2015 நவம்பரில் மும்பை ஹை எண்ணெய் வயல் அருகே இரவில் இறங்கும் பயிற்சியில் இருந்த ஒரு டாஃபின் ஹெலிகாப்டர் கடலில் விழுந்து, அதிலிருந்த இரண்டு பைலட்டுகளும் இறந்தார்கள். கறுப்புத் தண்ணீருக்கு மேலே கண் உயரத்தைச் சொல்லாது. ஒரே ஒரு விளக்கை நோக்கி இருட்டின் ஊடே இறங்கும்போது, இருப்பதைவிட உயரமாக இருக்கிறோம் என்றுதான் தோன்றும், கை தானாகத் தாழ்த்தும்.

காற்றழுத்த ஆல்டிமீட்டர் இருக்கிறதே என்பார்கள். அது சொல்வது நாம் அமைத்த அழுத்தத்தில் இருந்து கணக்கிட்ட உயரம். ஒரு மில்லிபாருக்கு 27, 28 அடி. புயல் நெருங்கும்போது அழுத்தம் மளமளவென்று இறங்கும். கிளம்பும்போது வைத்த எண்ணை மாற்றாமல் 10 மில்லிபார் குறைந்த இடத்துக்குப் போய்விட்டால், முள் 500 காட்டும், நிஜ உயரம் 220 அடி. வர்தா, மிக்ஜாம் மாதிரியான நாட்களில்தான் கடலில் ஆட்களைத் தேட ஹெலிகாப்டர் தேவைப்படும் என்பதை மறக்கக் கூடாது.

ரேடார் ஆல்டிமீட்டருக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. வயிற்றுக்கு அடியில் இருந்து 4.2 முதல் 4.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தரையோ தண்ணீரோ எத்தனை அடி கீழே என்று நேராகச் சொல்லிவிடும். எச்சரிக்கை உயரத்தை 200 அடி என்று வைத்தால், அதைத் தொட்டதும் விளக்கு எரியும், காதில் ஒலி வரும். அமெரிக்காவில் 2014இல் கொண்டுவந்த விதியில் வாடகை ஹெலிகாப்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர்களுக்கு நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவியையும் சேர்த்தார்கள். அந்தக் கருவியைச் சென்னைக்கு நான் பின்னால்தான் வைப்பேன். பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் உயரம் குறைவு, நன்கு தெரிந்த இடங்கள். கிழக்கே மலையே கிடையாது. ரேடார் ஆல்டிமீட்டர்தான் முதல் செலவு. அதற்கு அடுத்து பணம் இருந்தால் ஆட்டோபைலட். கைவிட்டால் தானாக நேராக நிற்கும் குணம் ஹெலிகாப்டருக்குக் கிடையாது. இருட்டில் பைலட் தலை சுற்றும்போது அதை நேராகப் பிடித்து வைக்க ஒரு கருவி இருப்பது இரவுப் பார்வைக் கண்ணாடி வாங்குவதைவிடப் பெரிய பாதுகாப்பு.

கண்ணாடி பற்றித்தான் ஆசை அதிகம். என்விஜியை மாட்டிப் பார்த்தவர்கள் சொக்கிப்போவார்கள், நியாயம்தான். ஆனால் அதன் பார்வை அகலம் பொதுவாக 40 டிகிரி, வெறும் கண்ணுக்கு 200 டிகிரிக்குக் கிட்ட. அதனால் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கழுத்து வலிக்கும். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் ஏற்றுமதி உரிமம் வாங்க வேண்டும், பயிற்சி தனி, பராமரிப்பு தனி. சென்னை நகரத்துக்கு மேலே ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒளிவட்டம் படரும். கருவி தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும், இருட்டுச் சந்துகள் இன்னும் இருட்டாகும். அமாவாசைக் கடலுக்கு மேலே பெருக்குவதற்கு ஒளியே இல்லாமல் புள்ளி புள்ளியாக இரையும். போகிப் புகையும் மார்கழிப் பனியும் மெல்லியதாக இருக்கும்போது கண்ணாடி அவற்றை ஊடுருவிப் பார்த்துவிடும். அடர்த்திக்குள் நுழைந்த பிறகுதான் பைலட்டுக்கு உறைக்கும். மின்கம்பியும் கேபிள் டிவி வயரும் அதில் சரியாகத் தெரிவதில்லை.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. உயரமான கட்டடங்களின் உச்சியில் இப்போது எல்இடி சிவப்பு விளக்கு வைக்கிறார்கள். விமானிகள் அணியும் பல என்விஜிகளில் 665 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். இந்த எல்இடிகளில் பலவற்றின் ஒளி அதற்குக் கீழே. வெறும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் விளக்கு கண்ணாடியில் தெரியவே தெரியாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ 2009இலேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டது. ஓ.எம்.ஆரில் மாடிக்கு மேல் மாடி ஏறிக்கொண்டிருக்கும் ஊரில் இதை யோசிக்காமல் கண்ணாடி வாங்கக் கூடாது.

அப்படியானால் என்விஜி வேண்டவே வேண்டாமா? வெள்ளத்தில் ஆள் தூக்கும் வேலை என்றால் கண்டிப்பாக வேண்டும். 2015 டிசம்பரில் மீனம்பாக்கம் ஓடுபாதை தண்ணீரில் மூழ்கி மூடப்பட்டு, அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் பயணிகள் விமானங்களை இறக்கினார்கள். ஊரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வழக்கமான அடையாளம் எதுவும் தெரியாத, கண் கூசும் விளக்கும் இல்லாத அந்த மாதிரி இரவில், மேகத்துக்கு இடையே கொஞ்சம் நிலா வந்தால்கூட மொட்டைமாடியில் நிற்கும் ஆளைக் கண்ணாடி காட்டிவிடும். கடலோரக் காவல்படை, கடற்படை போன்றவர்களுக்கு அது அவசியச் சாமான். விமான நிலையத்தில் கிளம்பி விமான நிலையத்தில் இறங்கும் வாடகை ஹெலிகாப்டருக்கு அது அலங்காரம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நடுவில் இருக்கிறார்கள். இறங்குமிடத்தில் ஒழுங்கான விளக்கும் காற்றுத் திசைப் பையும் போட்டுக்கொண்டாலே அவர்களுக்கு முக்கால்வாசிப் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன்.

எதை வாங்கினாலும் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்னால் ஓர் இரவு ஹேங்கர் விளக்கை எல்லாம் அணைக்கச் சொல்லுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து டிம்மரைக் கடைசி வரை குறையுங்கள். எந்த மீட்டர் முதலில் மறைகிறது, கதவுக் கண்ணாடியில் எதன் பிம்பம் விழுகிறது, எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கண் கூசுகிறதா என்று பாருங்கள். என்விஜி இருந்தால் அதை மாட்டிக்கொண்டு வெளியே மங்கலாக ஒளியூட்டிய கோட்டு அட்டையைப் பார்க்க வேண்டும், காக்பிட் விளக்கு எரியும்போது ஒரு முறை, அணைத்து ஒரு முறை. கோடுகள் இரண்டு முறையும் ஒன்றுபோலத் தெரியாவிட்டால் விளக்கு தேறவில்லை. அப்புறம் தரை மின்சார இணைப்பைப் பிடுங்கி, வெறும் பேட்டரியில் எது எரிகிறது என்று பாருங்கள். ரேடார் ஆல்டிமீட்டர் அணைந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.